ஐ.பி. அட்ரஸ் ஆளைக் காட்டிக் கொடுக்குமா? ஊட்டியில் இருப்பவரை கோவையில் காட்டும் எண்... அதை வைத்து பூச்சாண்டி காட்டும் மோசடி கும்பல்!

ஊட்டி:

"உங்க ஐ.பி. அட்ரஸ் சிக்கிடுச்சு. தடை செஞ்ச ஆபாச படம் பார்த்திருக்கீங்க. உடனே அபராதம் கட்டுங்க. இல்லேன்னா வீடு தேடி போலீஸ் வரும்!"

சினிமா பாட்டு தேடும்போதோ, கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும்போதோ திரை முழுவதையும் அடைத்துக் கொண்டு இப்படி ஒரு எச்சரிக்கை வந்து நிற்கும். மேலே அசோக சின்னம். நடுவில் மத்திய அமைச்சகத்தின் பெயர். கீழே பணம் கட்ட கார்டு நம்பர் கேட்கும் கட்டம். அதோடு சேர்த்து நாலு எண்களும் பக்கத்தில் ஒரு ஊர் பெயரும் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்ததும்தான் பலருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. "நம்மள கரெக்டா கண்டுபிடிச்சுட்டாங்களே" என்ற பயம்.

சில ஆண்டுகளாக நாடு முழுவதும் சுற்றி வரும் மோசடி பக்கம் இது. மலையில் இருந்தாலும் சரி, சமவெளியில் இருந்தாலும் சரி, செல்போனில் இன்டர்நெட் இருந்தால் போதும், வந்து நிற்கும். மானத்துக்குப் பயந்து யாரிடமும் சொல்லாமல் பணத்தைக் கட்டிவிட்டு வாயை மூடிக் கொள்கிறவர்களை நம்பித்தான் இந்த கும்பல் கடை விரித்திருக்கிறது.

அந்த நாலு எண்களால் ஒரு ஆளை உண்மையிலேயே கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்பதும் உண்மை. முடியாது என்பதும் உண்மை. இந்த குழப்பத்தில் ஒரு அப்பாவி 50 நாள் ஜெயிலில் கிடந்த கதையும் இந்தியாவில் நடந்திருக்கிறது.

தபால்காரருக்கு தெரியும் விலாசம்

இன்டர்நெட்டில் சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண் உண்டு. 203.0.113.45 என்பது மாதிரி, புள்ளி வைத்து பிரித்த நாலு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இதுதான் ஐ.பி. அட்ரஸ். லெட்டர் போடுகிறவர் அனுப்புநர் விலாசம் எழுதினால்தானே பதில் வரும்? அதே கதைதான். ஒரு இணையதளத்தை திறந்தால், அந்தப் பக்கத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்று அதற்குத் தெரிய வேண்டும். அதனால் எந்தப் பக்கத்தை திறந்தாலும் இந்த எண் அங்கே போய்ச் சேரும். செய்தி பக்கம், பாட்டு பக்கம், ரெயில் டிக்கெட் பக்கம் எல்லாவற்றுக்கும் போகும்.

ஆக, "உங்க ஐ.பி. அட்ரஸ் எங்ககிட்ட இருக்கு" என்று மோசடி பக்கம் மிரட்டுவதில் எந்த வித்தையும் இல்லை. மளிகைக் கடைக்காரர் "உங்க மூஞ்சிய நான் பார்த்துட்டேன்" என்று மிரட்டுவது எப்படியோ அப்படித்தான்.

எண்ணை வைத்து அந்த பக்கம் என்னென்ன கண்டுபிடிக்கலாம்? பி.எஸ்.என்.எல்.லா, ஜியோவா, ஏர்டெல்லா என்று இணைப்பு தரும் கம்பெனி தெரியும். எந்த நாடு என்பது அநேகமாக சரியாகத் தெரியும். ஊர் எது என்பது குத்துமதிப்புதான். பெயர், வீட்டு நம்பர், செல்போன் நம்பர், ஆதார் எதுவும் தெரியாது. அவற்றை நாமே தட்டிக் கொடுத்தால்தான் உண்டு.

நீலகிரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. அதில் செல்போன் நம்பர், வண்டி நம்பர், எத்தனை பேர், எங்கே தங்கல் என்று எல்லாவற்றையும் நாமே நிரப்புகிறோம். ஒரு ஐ.பி. அட்ரஸ் சொல்வதைவிட பத்து மடங்கு விவரம் அந்த ஒரு படிவத்தில் இருக்கிறது. அது அரசு பக்கம், சரி. அதே விவரத்தை குலுக்கல் பரிசு, இலவச ரீசார்ஜ் என்று வரும் லிங்க்கில் யோசிக்காமல் தட்டிக் கொடுப்பவர்கள்தான் எண்ணைப் பார்த்து நடுங்குகிறார்கள்!

ஊட்டிக்காரர் கோவைக்காரர் ஆன கதை

ஊட்டி கமர்சியல் ரோட்டில் நின்று கொண்டு செல்போனில் "என் ஐ.பி. அட்ரஸ் என்ன" என்று தேடிப் பார்க்கட்டும். எண் வரும். பக்கத்தில் ஊர் என்ற இடத்தில் கோவை என்றோ சென்னை என்றோ வர வாய்ப்பு அதிகம். சில நேரம் வேறு மாநிலத்து ஊரே வரும்.

காரணம் எளிது. மலையில் இருக்கும் செல்போன் டவர் நேராக உலக இன்டர்நெட்டில் சேர்வதில்லை. கம்பெனியின் பெரிய வாசல் ஒன்று கீழே ஏதாவது ஒரு நகரத்தில் இருக்கும். மேலே இருக்கும் போன்கள் எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே போகின்றன. வெளியே இருந்து பார்ப்பவருக்கு வாசல் இருக்கும் ஊர்தான் தெரியும். கோத்தகிரியா, மஞ்சூரா, பந்தலூரா என்பது தெரியாது.

சினிமாவில் ஹீரோ கீபோர்டை இரண்டு தட்டு தட்டியதும் வில்லன் வீட்டு மொட்டைமாடியில் சிவப்பு புள்ளி மின்னுமே, அதெல்லாம் சினிமாவோடு சரி. போலீசார் ஒரு செல்போன் எங்கே இருக்கிறது என்று தேடும்போது பார்ப்பது டவர் விவரத்தை. அது கம்பெனியிடம் முறைப்படி கேட்டு வாங்குவது. ஐ.பி. அட்ரசோடு அதைப் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

ஊரை தப்பாகக் காட்டுவதால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு. ஐ.பி. அட்ரசுக்கு ஊர் சொல்லும் ஒரு கம்பெனி, "அமெரிக்காதான், ஆனால் எந்த ஊர் என்று தெரியாது" என்ற எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை வைத்துவிட்டது. அந்தப் புள்ளி விழுந்த இடம் இந்தப் பண்ணை. 60 கோடி எண்கள் அந்த ஒரு வீட்டின் தலையில் வந்து விழுந்தன. திருட்டுப் போன் தேடி வந்தவர்கள், மோசடியில் ஏமாந்தவர்கள், போலீசார் என்று வருடக்கணக்கில் ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். 2016-ல் ஒரு பத்திரிகையாளர் தோண்டித் துருவிய பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கே காரணம் தெரிந்தது.

ஒரே விலாசத்தில் ஆயிரம் பேர்

இதைவிட பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நாலு எண் முறையில் மொத்தம் கிடைப்பது சுமார் 430 கோடி விலாசங்கள்தான். உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஆசியா பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே ஏறக்குறைய தீர்ந்துபோனது. பிறகு எப்படி எல்லோரும் இன்டர்நெட் பார்க்கிறார்கள்?

எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. லயனில் 200 குடும்பம் இருக்கும். வெளியூரில் இருந்து வரும் லெட்டரில் எஸ்டேட் பெயரும் தபால் ஆபீசும்தான் இருக்கும். எந்த லயன், எந்த வீடு என்பது எஸ்டேட் ஆபீசுக்குத் தெரியும். அவர்கள் பிரித்துக் கொடுப்பார்கள். செல்போன் கம்பெனிகள் செய்வதும் இதேதான். ஒரே ஐ.பி. அட்ரசை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பேருக்கு, சில சமயம் ஆயிரக்கணக்கான பேருக்கு பங்கு போட்டுக் கொடுக்கின்றன. ஒவ்வொருவருக்கும் உள்ளே தனியாக "போர்ட்" என்று ஒரு எண் இருக்கும். எந்த நேரத்தில் எந்த போர்ட் யாருக்கு என்பது கம்பெனியின் பதிவில் இருக்கும். எஸ்டேட் செக்ரோல் மாதிரி.

செக்ரோலில் ஒரு வரி மாறினால் ஒருத்தர் சம்பளம் இன்னொருத்தருக்குப் போகும். இங்கே ஒரு வரி மாறினால் ஒருத்தர் குற்றம் இன்னொருத்தர் தலையில் விழும்.

ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் 2017-லேயே இதைச் சொல்லி எச்சரித்தது. ஒரு குற்றவாளியைத் தேடப்போய், அதே எண்ணைப் பகிர்ந்து கொண்ட ஏகப்பட்ட பேரை விசாரிக்க வேண்டி வருகிறது என்பது அவர்கள் புகார். பெல்ஜியம் நாட்டில் ஒரு எண்ணை 16 பேருக்கு மேல் பங்கு போடுவதில்லை என்று கம்பெனிகள் தாங்களாகவே ஒப்புக் கொண்டன.

விலாசப் பஞ்சத்தைப் போக்க ஐ.பி. வெர்சன் 6 என்ற நீளமான புது எண் முறையும் வந்துவிட்டது. 2016-ல் ஜியோ வந்த பிறகு இந்தியா இதில் உலகின் முன்வரிசைக்குப் போனது. ஆனாலும் பழைய முறையில் மட்டும் இயங்கும் இணையதளங்கள் இன்னும் ஏராளம். அங்கே போகும்போது பங்கு போடும் கதைதான்.

பெங்களூர் இன்ஜினீயரின் 50 நாள்

2007 ஆகஸ்டு மாத கடைசி. பெங்களூரில் சாப்ட்வேர் இன்ஜினீயர் ஒருவரின் வீட்டுக் கதவை புனே போலீசார் தட்டினார்கள். அப்போது பிரபலமாக இருந்த ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தி படம் போட்டதாக வழக்கு. படம் வந்த ஐ.பி. அட்ரசை கூகுள் கொடுத்தது. அந்த எண் யாருடையது என்று ஏர்டெல்லிடம் கேட்டபோது இவருடைய பெயரும் விலாசமும் வந்தது. அவ்வளவுதான். அள்ளிக் கொண்டு போய்விட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர் சொன்னதை யார் கேட்பது? எண் சொல்லுதே! எரவாடா ஜெயிலில் 50 நாள் கிடந்தார். கடைசியில் பார்த்தால் கம்பெனி கொடுத்த விவரமே தப்பு. சம்பந்தப்பட்ட நேரத்தில் அந்த எண் அவருடைய இணைப்பில் இல்லவே இல்லை. ஏர்டெல் வருத்தம் தெரிவித்தது. அவர் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். 50 நாளை யார் திருப்பித் தருவது?

இந்த வழக்கில் கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. பதிவேட்டைப் பார்த்துச் சொன்ன மனிதர்கள்தான் தவறினார்கள். இப்படித் தவற வழிகள் அதிகம். வெளிநாட்டு கம்பெனிகளின் பதிவில் பெரும்பாலும் உலக நேரம்தான் இருக்கும். நம்ம ஊர் இரவு 9 மணி, அங்கே பிற்பகல் 3.30. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் அந்த எண் அப்போது வேறு யாரிடமோ இருந்திருக்கும். மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டாலே எண் மாறிவிடும் இணைப்புகள்தான் வீடுகளில் அதிகம். அதனால் "எந்த எண்" என்ற கேள்விக்கு இணையாக "எந்த நொடி, எந்த போர்ட்" என்ற கேள்வியும் முக்கியம்.

கம்பெனிகள் இந்தப் பதிவுகளை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அதற்கு முன் ஒரு வருடம். போலீசார் முறைப்படி எழுதிக் கேட்டால்தான் கம்பெனி பெயரையும் விலாசத்தையும் தரும். தனியார் யார் கேட்டாலும் தரக் கூடாது. திரையில் பூச்சாண்டி காட்டும் கும்பலுக்கு இந்தக் கதவு திறக்காது.

சிக்க வைத்தது கடைக்காரரின் சாட்சி

எண்ணை வைத்து சரியாகப் பிடித்த வழக்குக்கு சென்னையே உதாரணம். 2004-ல் ஒரு பெண்ணின் போன் நம்பரைப் போட்டு, யாகூ குழுக்களில் ஆபாசமாக எழுதினான் ஒரு ஆசாமி. அந்தப் பெண்ணுக்கு கண்ட கண்ட போன்கள். பிப்ரவரியில் புகார் கொடுத்தார். யாகூ கொடுத்த ஐ.பி. அட்ரஸ் மும்பையில் உள்ள பிரவுசிங் சென்டர்களைக் காட்டியது. அதற்கு மேல் எண்ணால் நகர முடியவில்லை. ஒரு கடைக்கு நூறு பேர் வந்து போவார்கள். அங்கே ஆளைக் காட்டியது பிரவுசிங் சென்டர்காரர்களின் சாட்சி. 2004 நவம்பர் 5-ந்தேதி எழும்பூர் கோர்ட்டு 2 ஆண்டு ஜெயில் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்ப சட்டத்தில் ஆபாசப் பதிவுக்கு நாட்டில் கிடைத்த முதல் தண்டனை என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் சொல்லப்படும் வழக்கு இது.

பிரவுசிங் சென்டர்களுக்கு 2011-ல் மத்திய அரசு கொண்டு வந்த விதிகளிலும் இதே யோசனைதான் இருக்கிறது. அடையாள அட்டை பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், அதை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும், தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. ஜெராக்ஸ் கடைக்குள் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு ரிசல்ட் பார்க்கவும் அப்ளிகேசன் போடவும் விடுபவர்கள் இந்த நோட்டை சும்மா பேருக்கு வைத்திருந்தால், நாளை அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

முகமூடி போட்டாலும்...

"வி.பி.என். போட்டா யாரும் பிடிக்க முடியாது" என்று இளவட்டங்கள் சொல்வது உண்டு. வி.பி.என். என்பது வேறு ஊரின், வேறு நாட்டின் எண்ணை முகமூடியாகப் போட்டுக் கொள்ளும் வசதி. 2024 பிப்ரவரி 8-ந்தேதி சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு ஒரே நாளில் வெடிகுண்டு மிரட்டல் இ-மெயில் வந்ததே, அப்படிப்பட்ட வழக்குகளில் போலீசாரை அலைய வைப்பது இந்த முகமூடிதான். வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவு போட்டதும், சில பெரிய கம்பெனிகள் இந்தியாவில் இருந்த சர்வர்களைத் தூக்கிக் கொண்டு போய்விட்டன.

ஆனாலும் முகமூடி எப்போதாவது நழுவுகிறது. 2025 ஜூனில் சென்னையைச் சேர்ந்த பெண் இன்ஜினீயர் ஒருவரை ஆமதாபாத் போலீசார் கைது செய்தார்கள். பல மாநிலங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் அனுப்பியதாகவும், ஒருதலைக் காதலில் உடன் வேலை பார்த்தவரை மாட்டிவிட அவர் பெயரில் இதைச் செய்ததாகவும் குற்றச்சாட்டு. வி.பி.என்., டார்க் வெப் எல்லாம் பயன்படுத்தியவர், ஒரு நாள் தன்னுடைய சொந்த மெயிலையும் போலி மெயிலையும் ஒரே கம்ப்யூட்டரில் திறந்தார், அங்கேதான் துப்பு கிடைத்தது என்பது போலீசார் சொன்ன விவரம்.

பில் யார் பெயரில்?

மலை மாவட்ட மக்கள் உண்மையில் பயப்பட வேண்டிய இடம் திரையில் மின்னும் எண் இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் யார் பெயர் இருக்கிறது என்பதுதான். போலீசாருக்கு முதலில் கிடைப்பது பில் யார் பெயரில் வருகிறதோ, சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய விலாசம். கதவு தட்டப்படுவதும் அங்கேதான்.

2008 ஜூலை 26-ந்தேதி ஆமதாபாத்தில் தொடர் குண்டு வெடித்தது. அதற்கு சில நிமிடங்கள் முன்பு பத்திரிகை அலுவலகங்களுக்கு இ-மெயில் வந்தது. எண்ணைப் பிடித்துக் கொண்டு போனால், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீடு! அவருடைய வை-பை இணைப்பை யாரோ வெளியே இருந்து பயன்படுத்தியிருந்தார்கள். அவர் விசாரணைக்கு ஆளாகி, சம்பந்தம் இல்லை என்று தெரிவதற்குள் படாதபாடு பட்டார். பூட்டு இல்லாத வை-பை வேண்டாம் என்று தொலைத்தொடர்புத் துறை 2009-ல் அறிவுறுத்தல் வெளியிட்டதும் இதன் பிறகுதான்.

ஊட்டி, குன்னூரில் காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் வரவேற்பறைச் சுவரில் வை-பை பாஸ்வேர்டை எழுதி ஒட்டி வைக்கிறார்கள். சீசனுக்கு வந்தவர், போன வருடம் வந்தவர், பக்கத்து வீட்டுப் பையன் எல்லோருக்கும் அது தெரியும். இணைப்பு மட்டும் ஓனர் பெயரில்! யார் எந்த அறையில் எந்த தேதியில் தங்கினார் என்ற ரிஜிஸ்டரை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு, நாளை கேள்வி வந்தால் சொல்ல ஒரு பதில் இருக்கும். அவ்வப்போது பாஸ்வேர்டை மாற்றுவதற்கு செலவு எதுவும் இல்லை.

சிம் விஷயம் இன்னும் மோசம். எஸ்டேட் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளிக்கு, "பாவம், மொழி தெரியாது" என்று தன் ஆதாரைக் கொடுத்து சிம் வாங்கித் தருவது உண்டு. ரோட்டோரம் குடை போட்டு சிம் விற்கும் ஆளிடம் "மெஷின் எடுக்கல" என்று இரண்டு மூன்று முறை விரல் வைத்துவிட்டு வருவதும் உண்டு. ஒவ்வொரு விரல் ரேகைக்கும் ஒரு சிம் வெளியே போயிருந்தால்? அந்த சிம்மில் நடக்கும் எல்லாவற்றுக்கும் முதல் விலாசம் இங்கே இருக்கும் லயன் வீடுதான். 2023-ல் வந்த தொலைத்தொடர்பு சட்டம், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால் 3 ஆண்டு வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது.

தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று யார் வேண்டுமானாலும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். செல்போன் நம்பரைப் போட்டு ஓ.டி.பி. கொடுத்தால் பட்டியல் வரும். தெரியாத நம்பர் இருந்தால் "இது என் நம்பர் இல்லை" என்று அங்கேயே குறித்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. தெரியாதவர்கள் வீட்டில் படித்த பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கலாம்.

திரையில் போலீஸ் வந்தால்

மறுபடியும் அந்த மிரட்டல் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் எந்த போலீசும், எந்த அமைச்சகமும் செல்போன் திரையை மறித்து கார்டு நம்பர் கேட்டு அபராதம் வாங்குவது கிடையாது. வீடியோ காலில் போலீஸ் யூனிபார்மில் வந்து, "உங்க ஐ.பி. அட்ரஸ்ல இருந்து குற்றம் நடந்திருக்கு, நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சொல்வதும் இதே குட்டையில் ஊறிய மட்டைதான். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று பிரதமர் மோடி 2024 அக்டோபர் 27-ந்தேதி வானொலியிலேயே சொன்னார்.

கம்ப்யூட்டரில் வந்தால் எஸ்கேப் பட்டனையோ எப்11 பட்டனையோ அழுத்தினால் திரை சுருங்கும், மூடிவிடலாம். செல்போனில் என்றால் அந்த டேப்பை மூடி, பிரவுசரையும் மூடித் திறந்தால் போய்விடும். போன் பூட்டிக் கொள்ளவில்லை, பூட்டிக் கொண்டது மாதிரி ஒரு படம்தான் அது.

அவசரத்தில் பணத்தைக் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. புகார் கொடுக்கும்போது பக்கத்தின் விலாசம், பணம் போன கணக்கு விவரம், திரையின் போட்டோ, தேதி எல்லாம் வேண்டும். நேரத்தை "சாயங்காலம் ஏழு ஏழரை இருக்கும்" என்று சொல்லாமல், போனில் வந்த பேங்க் மெசேஜைப் பார்த்து மணி, நிமிடத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். எதிராளியின் எண் அந்த நிமிடத்தில் யாரிடம் இருந்தது என்பதைத்தான் போலீசார் கம்பெனியிடம் கேட்கப் போகிறார்கள்.